புதுப்பிப்பு என்னும் சொல்: மாறிய இயந்திரத்தை நம்புதல் பற்றிய ஒரு வரலாறு

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய ஏரோசிட்டியில் டெஸ்லா நிறுவனம் தன் காட்சிக்கூடத்தைத் திறந்தது. மும்பைக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதற்கு இது இரண்டாவது கூடம். மாடல் ஒய் மின்காரின் தொடக்க விலை 59.89 லட்சம் ரூபாய். கூடுதலாக 6 லட்சம் ரூபாய் கொடுத்தால் 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' என்னும் வசதியையும் சேர்த்து வாங்கலாம் என்றது விலைப்பட்டியல். அந்த வசதி அப்போது இந்தியச் சாலைகளில் இயங்கவில்லை. பின்னொரு நாளில் மென்பொருள் புதுப்பிப்பாக வந்து சேரும் என்பதே ஏற்பாடு. ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவுக்குள் ஒருபோதும் விடமாட்டேன், அவை ஓட்டுநர்களின் வேலையைப் பறித்துவிடும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023 டிசம்பரிலும் வெளிப்படையாகச் சொல்லியிருந்த நாடு இது. வந்து சேராத நிரலுக்கு, அதை வரவேற்காத அரசின் தலைநகரிலேயே விலை வைக்கப்பட்டது.

இதை வணிகத் துணிச்சல் என்று கடந்துவிடலாம். ஆனால் விற்ற பிறகும் மாறிக்கொண்டே இருக்கும் பொருள் என்னும் கருத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் பெரும்பகுதி கார்களில் நிகழ்ந்ததன்று. தண்டவாளங்களிலும் வானிலும் நிகழ்ந்தது. அதில் டெல்லிக்கும் இந்தியாவுக்கும் உள்ள பங்கு பொதுவாகப் பேசப்படுவதில்லை.

கார்களிலிருந்தே தொடங்கலாம். 2014 அக்டோபர் முதல் டெஸ்லா தன் கார்களில் கேமராவையும் ரேடாரையும் பொருத்தி விற்றது. ஓராண்டு கழித்து, 2015 அக்டோபரில், காற்றுவழி வந்த ஒரு மென்பொருள் அக்கார்களுக்குத் தடத்தைப் பிடித்துத் தாமே திரும்பும் ஆற்றலைக் கொடுத்தது. மாலையில் வீட்டுக்கு வந்த காரும் காலையில் புறப்பட்ட காரும் ஒன்றல்ல. 2018 மே மாதத்தில் இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. மாடல் 3 காரின் பிரேக் தூரம் மிக நீளம் என்று அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் குறை கூறியது: மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி. சில நாட்களில் ஒரு புதுப்பிப்பு வந்தது. அதே கார் 133 அடியில் நின்றது. யாரும் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. பத்தொன்பது அடி என்பது ஒரு மனிதர் சாலையைக் கடந்து தப்புவதற்குப் போதுமான தூரம். ஆகவே பலர் இதைப் புதுப்பிப்பின் பெருமைக்குச் சான்றாகக் காட்டினர். தொலைவிலிருந்து பத்தொன்பது அடியைக் குறைக்க முடிகிறதென்றால் கூட்டவும் முடியும் என்னும் மறுபாதியை அவர்களில் பலர் சொல்லவில்லை. 2021 அக்டோபரில் அந்த மறுபாதியும் தெரியவந்தது. 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' சோதனைப் பதிப்பின் ஒரு புதுப்பிப்புக்குப் பின் சில கார்கள் எதிரில் ஒன்றுமில்லாதபோதும் மோதல் எச்சரிக்கை எழுப்பின. அவசர பிரேக்கும் காரணமின்றி விழக்கூடும் என்று தெரிந்தது. நிறுவனம் உடனடியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பியது. பின்னர் 11,704 கார்களுக்கு முறையான திரும்பப்பெறல் அறிவிப்பும் வந்தது.

இங்கே தமிழ்ச் சொல்லாட்சியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், சந்தாவைப் புதுப்பிக்கிறோம், திருப்பணி செய்து கோயிலைப் புதுப்பிக்கிறோம். இவை எல்லாவற்றிலும் பொருள் அதுவாகவே நீடிக்கிறது. தேய்ந்த காலம் மட்டும் களையப்படுகிறது. குடமுழுக்கு முடிந்த கோயிலை யாரும் வேறு கோயில் என்பதில்லை. மென்பொருளுக்கு 'புதுப்பிப்பு' என்று பெயரிட்டபோது இந்தத் தொடர்ச்சி உணர்வும் சொல்லோடு சேர்ந்தே வந்துவிட்டது. ஆனால் நடப்பது பெரும்பாலும் மாற்றியமைத்தல். சட்டம் அதற்கு வேறு சொல்லையே வைத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அச்சட்டம் எழுதப்பட்டபோது மாற்றுபவர் உரிமையாளர். மாறாத மூலத்துக்குப் பொறுப்பு தயாரிப்பாளர். மூலத்தை எழுதியவரே, விற்று ஐந்தாண்டு கழிந்த பின்னும், இரவோடிரவாக மூலத்தைத் திருத்துவார் என்பது அச்சட்டத்தின் கற்பனையில் இல்லை. அப்படி இருந்திருந்தால்தான் வியப்பு.

மாறாத ஒன்றின்மேல் நம்பிக்கை வைப்பதற்கு இந்திய ரயில்வே கண்ட வழி மிக எளியது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். அதற்கு அனுமதி ஓர் இரும்பு உருண்டை. நீல் டோக்கன் கருவி எனப்படும் அந்த இயந்திரங்கள் இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால், அது ஏதேனும் ஒரு முனையில் மீண்டும் உள்ளே போகும்வரை இரண்டில் எந்த இயந்திரமும் அடுத்த உருண்டையைத் தராது. பையில் இட்ட உருண்டையைப் பெரிய வளையத்தில் கோத்து, ஓடும் வண்டியிலேயே கைமாற்றிக்கொள்வார்கள். ஓட்டுநருக்கு அந்த மின்சுற்றின் நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உருண்டை கையில் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்தால் போதும். நம்பிக்கைக்கு எடை இருந்தது, தொட்டுப் பார்க்கலாம்.

அந்த எடை மறைந்த பிறகு என்ன ஆகும் என்பதை இந்தியா முதலில் கற்றது சாலையிலன்று, பெங்களூரு விமான நிலையத்தின் அருகில். 1990 பிப்ரவரி 14 பிற்பகல், மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. 605 விமானம் ஓடுபாதையை எட்டாமல் கால்ஃப் மைதானத்தில் இறங்கி எரிந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தனர். விமானம் ஏர்பஸ் ஏ-320. இந்தியன் ஏர்லைன்ஸிடம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கணினி நின்ற முதல் தலைமுறைப் பயணிகள் விமானங்களில் ஒன்று அது. பழைய விமானங்களில் தானியங்கி முறை எஞ்சின் விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் த்ராட்டில் நெம்புகோல் விமானியின் உள்ளங்கைக்குள் நகரும். கண் வேறெங்கோ இருந்தாலும் கை அறியும். ஏ-320இல் அந்த நெம்புகோல் அசைவதில்லை.

கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சிவசங்கர் பட் தலைமையிலான விசாரணை நீதிமன்றம் ஆராய்ந்த கேள்விகளில் ஒன்று மொழியியல் மாணவர் எவரையும் நிறுத்தி வைக்கக்கூடியது. விமானத்தின் முன்பலகையில் இறங்கும் வேகத்தைக் குறிக்கும் குமிழும், சேரவேண்டிய உயரத்தைக் குறிக்கும் குமிழும் அருகருகே இருந்தன. நிமிடத்துக்கு 700 அடி இறங்கு என்று சொல்ல நினைத்தவர், கை மாறி, 700 அடி உயரத்துக்கு இறங்கு என்று சொல்லியிருக்கலாம் என்பது விசாரணையில் மிகவும் சாத்தியமாகக் கருதப்பட்ட விளக்கம். எண் ஒன்றுதான்; அது அமர்ந்த இடம் மாறியது, பொருளும் மாறியது. அந்தக் கட்டளையைப் பெற்ற கணினி எஞ்சின்களை வெறும் சுழற்சிக்குக் கொண்டுவந்து, வேகத்தைக் காக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. ஃப்ளைட் டைரக்டர் எனப்படும் வழிகாட்டி இரண்டு விமானிகளுக்கும் தனித்தனியே உண்டு; இரண்டையும் அணைத்திருந்தால் எஞ்சின்கள் வேகம் காக்கும் முறைக்குத் திரும்பியிருக்கும். ஒன்று மட்டுமே அணைக்கப்பட்டது. வேகம் குறைந்துகொண்டே போனதை விமானிகள் உணர்ந்தபோது எஞ்சின்கள் முழு விசைக்கு வரும் அவகாசம் இல்லை. நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து உடனே த்ராட்டிலை முன்தள்ளாததே விபத்துக்குக் காரணம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 'விமானிப் பிழை' என்று செய்தித்தாள்கள் இதைச் சுருக்கின. சட்டப்படி சரியான சுருக்கம்தான். ஆனால் அந்த விமானிகள் இயந்திரத்தைக் கண்மூடி நம்பினார்கள் என்பது அவ்வளவு சரியன்று. தாங்கள் நம்பிக்கொண்டிருந்த இயந்திரம் வேறொரு முறைக்கு மாறிவிட்டது என்பதைக் கடைசிவரை அறியாதிருந்தார்கள் என்பதே பொருத்தம். இரண்டாண்டு கழித்து, 1992 ஜனவரியில், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் அருகே இன்னோர் ஏ-320 மலையில் மோதி 87 பேர் இறந்தனர். அங்கும் ஐயம் ஓர் எண்ணின் மேல்தான் விழுந்தது: 3.3 பாகைச் சரிவு என்று எண்ணப்பட்டது, நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கம் என்று கணினியால் கொள்ளப்பட்டிருக்கலாம். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிந்தன. அதன் பிறகு அந்தக் காட்சிமுறை மாற்றப்பட்டது.

பெங்களூரு விபத்துக்குப் பின் டெல்லியில் நடந்தது வேறு கதை. அங்கே வி.பி. சிங் அரசு பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ-320கள் அனைத்தையும் அது தரையிறக்கியது. விலையுயர்ந்த புத்தம்புது விமானங்கள் மாதக்கணக்கில் சும்மா நின்றன. முந்தைய ராஜீவ் காந்தி அரசு காலத்தில் போயிங்கை விட்டு ஏர்பஸ்ஸைத் தேர்ந்தது ஏன் என்ற ஐயம் முன்பே இருந்தது. மார்ச் மாதம் மத்தியப் புலனாய்வுத் துறை அந்தக் கொள்முதல் குறித்து வழக்குப் பதிந்தது. ஆக, கணினியை நம்பலாமா என்ற கேள்வியும் கொள்முதல் செய்தவர்களை நம்பலாமா என்ற கேள்வியும் ஒன்றோடொன்று கலந்தன. தொழில்நுட்ப நம்பிக்கையின் வரலாற்றில் இந்தக் கலப்பு விதிவிலக்கன்று. பொதுமக்கள் நிரலைப் படித்து நம்புவதில்லை. நிரலைக் கொண்டுவந்தவரைப் பார்த்தே நம்புகிறார்கள். பிற்காலத்தில் அதே ஏ-320 இந்திய வானின் பெரும்பகுதியை ஆண்டது. 2006இல் இண்டிகோ தொடங்கியதே அவ்வகை விமானத்தோடுதான்.

ஏ-320இன் சிக்கல் புதிய இயந்திரத்தின் சிக்கல். பழகிய இயந்திரம் சொல்லாமல் மாறுவது அதனினும் கடுமையானது. 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டுக் கடலில் விழுந்த லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் தலைமை விமானி டெல்லிக்காரர், வயது 31. அவ்விமானத்தில் எம்கேஸ் என்னும் மென்பொருள் ஒரேயொரு உணரியின் கணக்கை நம்பி மூக்கைக் கீழே அழுத்தியது. உணரியின் கணக்கு தவறு. அப்படியொரு மென்பொருள் இருப்பதே விமானிகளின் கையேட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. பழைய 737இலிருந்து பெரிய வேறுபாடு இல்லை, கூடுதல் பயிற்சி தேவையில்லை என்று காட்டுவது தயாரிப்பாளருக்கு வணிக நலனாக இருந்தது. 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் மேலும் 157 பேர். இரண்டு நாட்களில், டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்தின் எதிரே இயங்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அவ்வகை விமானங்களை நிறுத்தியது. 2021 ஆகஸ்டில்தான் தடையை விலக்கியது. மேக்ஸை மீண்டும் பறக்கவிட்டதும் ஒரு மென்பொருள் புதுப்பிப்புதான். இம்முறை அதைப் பற்றி விமானிகளுக்குச் சொன்னார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். அந்த ஒன்றுக்காக 346 உயிர்கள் தேவைப்பட்டன.

பழகிய இயந்திரம் மாறியதை அறியாமை என்னும் இதே நோய், கணினித் திரை ஏதுமின்றிச் செம்புக் கம்பியிலும் வரும். 2023 ஜூன் 2 மாலை, ஒடிஷாவின் பாலசோர் மாவட்டம் பாஹாநகா பஜார் நிலையத்தில், ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பச்சை விளக்கைப் பார்த்து வேகத்தோடு நுழைந்தது. விளக்கு நேர்ப்பாதை என்றது. தண்டவாளம் கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு வண்டி நின்றது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டெல்லி ரயில் பவனுக்குப் போன பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது சுருக்கமாக இதுதான்: முன்பொரு முறை சமிக்ஞைச் சுற்றில் மாற்றம் செய்தார்கள், கம்பி இடம் மாறியது, அதன்மேல் எழுதப்பட்ட பெயர் மாறவில்லை. ஆண்டுகள் கழித்து, லெவல் கிராசிங் தடுப்பை மாற்ற வந்தவர்கள் பெயரை நம்பிக் கம்பியைத் தொட்டார்கள். 2022 மே மாதத்தில் வேறொரு நிலையத்தில் இதேபோன்ற தவறான இணைப்பு நேர்ந்திருந்ததையும், அதிலிருந்து பாடம் கற்றிருந்தால் இது நிகழ்ந்திராது என்பதையும் அறிக்கை சுட்டியது. வண்டியை ஓட்டியவர் செய்ததில் பிழை எதுவுமில்லை. பச்சையைக் கண்டும் நின்றால்தான் அவர் விதியை மீறியவர் ஆவார்.

டெல்லி மெட்ரோவின் கதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது, நல்வாய்ப்பாகச் சிறியது. ஓட்டுநரின்றி ஓடவல்ல மெஜந்தா தடத்தின் தொடக்க விழாவுக்கு ஆறு நாட்கள் முன்னர், 2017 டிசம்பர் 19 அன்று, காளிந்தி குஞ்ச் பணிமனையில் ஒரு வண்டி சரிவில் பின்னோக்கி உருண்டு சுற்றுச்சுவரை உடைத்து வெளியே தலைநீட்டியது. எவருக்கும் காயமில்லை. தன்னியக்க மென்பொருள் மீது பாய்ந்தவர்கள் பலர். உண்மையில் பராமரிப்பு முடிந்து வந்த வண்டியின் பிரேக்கை யாரும் சரிபார்க்கவில்லை என்பதே நிர்வாகம் கண்ட காரணம். அதிகாரிகள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். தடம் திறக்கப்பட்டதும் வண்டிகள் ஓட்டுநர்களோடுதான் ஓடின. மெட்ரோ விதிகள் திருத்தப்பட்ட பிறகு, மூன்று ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பர் 28 அன்றுதான் ஓட்டுநரில்லாச் சேவை முறையாகத் தொடங்கியது. மூடிய பாதை, குறுக்கே வர ஆளில்லை, ஒரே அமைப்பின் கட்டுப்பாடு. அதற்கே மூன்று ஆண்டுகள்! கரோல் பாக் சந்திப்பில் இரண்டாம் நிலைத் தன்னியக்கத்தோடு ஓடும் காருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

அந்த 'இரண்டாம் நிலை' என்பதன் பொருளையும் சொல்லிவிடலாம். அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. 2014இல் வகுத்த அளவுகோலில் பூஜ்ஜியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகள். இரண்டாம் நிலையில் கார் திருப்பும், பிரேக் பிடிக்கும். ஆனால் ஓட்டுபவர் மனிதர், கண்காணிக்க வேண்டியவரும் அவரே. 2021இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700 முதல், 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான அந்நிறுவனத்தின் மின்கார்கள் வரை இந்தியச் சாலையிலுள்ள ஓட்டுநர் உதவி வசதிகள் இந்தப் படியைச் சுற்றியே நிற்கின்றன. டெஸ்லா 2024இல் தன் வசதியின் பெயருக்குப் பின்னால் 'மேற்பார்வையுடன்' என்னும் பொருள்பட ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் சேர்த்தது. பெயரின் உண்மை அடைப்புக்குறிக்குள் போன முதல் பொருள் அதுவாக இராது.

மேற்பார்வையாளர் எதை மேற்பார்க்கிறார் என்பதில்தான் புதுப்பிப்பின் இடர் இருக்கிறது. ஆறு மாதம் ஓட்டியவர் தன் கார் எந்த வளைவில் தடுமாறும், எந்த வெயிலில் தடக்கோட்டைத் தவறவிடும் என்று பழக்கத்தால் அறிந்திருப்பார். புதிய பதிப்பு பத்துக் குறைகளைக் களைந்து ஓரிடத்தில் புதுக்குறை ஒன்றைக் கொண்டுவந்தால், அந்தப் பழக்க அறிவு ஒரே இரவில் பயனற்றதாகிறது; அவருடைய நம்பிக்கை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் டெஸ்லா ஏறத்தாழ 20 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றது. ஓட்டுநர் கவனத்தைக் கண்காணிக்கும் முறை போதாது என்பது காரணம், தீர்வு ஒரு புதுப்பிப்பு. நான்கு மாதங்களில் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் அந்தத் தீர்வு போதுமானதா என்றே தனி விசாரணை தொடங்கியது.

ஒப்பிட்டுப் பார்க்க விமானத் துறை மிக அண்மையில் ஒரு நிகழ்வைத் தந்திருக்கிறது. 2025 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஜெட்புளூ ஏ-320 ஒன்று பறக்கும்போதே திடீரெனத் தலைகவிழ்ந்து தாழ்ந்தது. கடும் சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுக்கக்கூடும் என்று ஏர்பஸ் நவம்பர் 28 அன்று அறிவித்தது. உலகெங்கும் சுமார் 6,000 விமானங்கள், இந்தியாவில் 338. பெரும்பாலானவற்றுக்கு மருந்து, மென்பொருளின் முந்தைய பதிப்புக்குத் திரும்புவது. புதுப்பிப்பை நீக்குவதே திருத்தம் ஆயிற்று. டெல்லி இயக்குநரகம், இதைச் செய்யாத விமானம் பறக்கலாகாது என்று ஆணையிட்டது. ஒவ்வொரு விமானத்திலும் பொறியாளர் ஒருவர் ஏறி, பதிப்பை மாற்றி, பதிவேட்டில் கையொப்பமிட்டார். பயணிகள் சில மணி நேரம் தாமதமாயினர், அவ்வளவே.

கார்களுக்கு அந்தக் கையொப்பத்தின் இடத்தில் எதை வைப்பது என்பதற்கு விதிகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஐ.நா.வின் 156ஆம் ஒழுங்குமுறை 2020 ஜூனில் ஏற்கப்பட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலைப் பாதிக்கும் மென்பொருளுக்கு அடையாள எண், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஆவணம், அது எதற்கு என்று உரிமையாளருக்கு அறிவிப்பு, நடுவில் தடைபட்டால் பாதுகாப்பான நிலைக்குத் திரும்பும் வழி ஆகியவற்றை அது கேட்கிறது. இந்தியாவில் அதன் வழியில் ஏ.ஐ.எஸ். 190 வகுக்கப்பட்டது. 2019 திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. டெல்லிக்கு அருகில் மானேசரிலும் புனேயிலும் உள்ள சோதனை நிறுவனங்கள் மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி ஒரு முன்மாதிரி வாகனத்தைச் சோதித்துச் சான்றளிக்கின்றன. அச்சான்றின் பேரில்தான் ஆயிரக்கணக்கானவை விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குபவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறும் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் அல்லது மோட்டார் எண் இருக்கும், சேசிஸ் எண் இருக்கும், நிறமும் இருக்கும். மென்பொருளின் பதிப்பு எண்ணுக்கு அதில் கட்டம் இல்லை.